எந்த அடுக்கு வரை? தோலும் தோல் காயங்களும்

காயம் பட்டவரை உட்கார வைத்ததுமே சுற்றி நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "என்ன வைக்கணும்?" மஞ்சளா, காபித்தூளா, களிம்பா என்று அதற்குள் ஒரு கை அலமாரியைத் துழாவ ஆரம்பித்திருக்கும். கட்டுப் போடும் அறையில் பல வருஷம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. "எந்த அடுக்கு வரை போயிருக்கிறது?" என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, தையல் போட வேண்டுமா, 108-ஐக் கூப்பிட வேண்டுமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெளிந்துவிடும். அதனால் மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் தோலைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

மூன்று அடுக்கு

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. கண்ணிமையில் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். உள்ளங்காலில் நான்கு மில்லிமீட்டர் வரை போகும்.

மேலே இருப்பது மேல்தோல். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதன் அடிவரிசையில் புதிய செல்கள் பிறந்து, மேலே மேலே தள்ளப்பட்டு, கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, காய்ந்து உதிர்ந்துவிடும். இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். குளிக்கும்போது தேய்த்தால் திரண்டு வரும் அழுக்கில் இந்த உதிர்ந்த செல்களும் உண்டு. நமக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதும் அந்த அடிவரிசையில்தான்.

அதற்குக் கீழே உள்தோல். கயிற்றுக்கட்டில் பின்னல்போல நார்நாராகக் கொலாஜன் ஓடும். ரத்தக் குழாய், நரம்பு முனை, வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால் எல்லாம் இங்கேதான். இழுத்தால் நீள்வதும் விட்டால் பழையபடி சேர்வதும் இந்த அடுக்கின் வேலை. காயத்தில் ரத்தம் வந்தால் உள்தோலைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, தோலடிக் கொழுப்பு. கறிக்கடையில் கோழியின் தோலை உரிக்கும்போது அடியில் மஞ்சளாகப் பார்த்திருப்பீர்களே, அதேதான். வெட்டுக் காயத்தின் வாய்க்குள் சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைகள் தெரிந்தால் தோல் முழுவதும் பிளந்துவிட்டது. அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

இன்னொரு விஷயம் மயிர்க்கால். மேல்தோலின் செல்கள் மயிர்க்காலுக்குள்ளும் இறங்கி உள்தோலில் வேரூன்றியிருக்கும். மேல்தோல் முழுக்க உரிந்துபோனாலும் அந்த வேர்கள் மிச்சமிருந்தால் போதும், அங்கிருந்து புதுத்தோல் தீவு தீவாகப் பரவி மூடிவிடும். மயிர்க்கால்களும் அழிந்துபோன ஆழமான காயத்தில் தோல் ஓரத்திலிருந்து மட்டுமே வர முடியும். தீப்புண்ணில் சிலருக்குத் தழும்பே இல்லாமல் ஆறுவதும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆறாமல் சுருங்கி இழுப்பதும் இதனால்தான்.

முழங்கால் சிராய்ப்பு

சைக்கிளிலிருந்து விழுந்த எட்டு வயதுப் பையனை ஒரு பாட்டி தூக்கிக்கொண்டு வந்தார். முழங்கால் முழுக்கக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. ரத்தமா, தாரா, மண்ணா என்று புரியவில்லை.

"காபித்தூள் வெச்சேன் சிஸ்டர். உடனே ரத்தம் நின்னுடுச்சு."

"அதுவாவே நின்னிருக்கும் பாட்டி. இப்ப இதை எடுக்கறதுக்குள்ள பிள்ளைக்கு ரெண்டு மடங்கு வலிக்கும், பாருங்க."

அப்படித்தான் ஆயிற்று. தூள் உறைந்த ரத்தத்தோடு சேர்ந்து காறைபோல இறுகியிருந்தது. கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தபோது அடியில் ஜல்லிப்பொடி நான்கைந்து இடத்தில் பதிந்திருந்தது. அதை எடுக்காமல் விட்டிருந்தால் புண் ஆறிய பிறகும் பச்சை குத்தியதுபோல நீலக்கறுப்புப் புள்ளிகள் முழங்காலில் ஆயுசுக்கும் நிற்கும்.

பாட்டியின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மஞ்சளோ காபித்தூளோ அடுப்படி டப்பாவிலிருந்து வருகிறது. அதில் கிருமி இருக்கும், காயத்துக்குள் அந்நியத் துகளாகத் தங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆழத்தை மறைத்துவிடும். சிராய்ப்புக்கு முதல் மருந்து தண்ணீர். குடிக்கத் தகுந்த தண்ணீரைக் குழாயிலோ சொம்பிலோ காயத்தின் மேல் ஐந்து பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். சுற்றியுள்ள தோலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத டெட்டால் எதையும் புண்ணுக்குள் ஊற்றாதீர்கள். அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்லையும் கொன்றுவிடும்.

கழுவிய பிறகு மூட வேண்டும். "காத்தாட விடு, காயட்டும்" என்பது நம்மூரில் ஊறிப்போன யோசனை. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் பன்றியின் தோலில் மேலோட்டமான புண்களை உண்டாக்கிப் பார்த்தார். காற்றில் காய்ந்து பொருக்குத் தட்டிய புண்ணைவிட, ஈரப்பதம் போகாமல் மூடிவைத்த புண்ணில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்து மூடியது. காய்ந்த பொருக்குக்கு அடியில் செல்கள் ஈரம் தேடி ஆழமாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பில் நேராக நகர்கின்றன. ஆகவே மெல்லிசாக வாஸ்லின் தடவி, ஒட்டாத பஞ்சுத்துணி வைத்து, தினம் ஒரு தடவை மாற்றுங்கள். ஈரம் என்றால் சொதசொதவென்று இல்லை. நனைந்த கட்டை அப்படியே விட்டால் சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போகும்.

வயதானவர்களுக்கு முழங்கைத் தோல் காகிதம்போல இருக்கும். கதவில் உரசினாலே ஒரு மடல் கிழிந்து தொங்கும். அதைக் கத்தரித்து எறியாதீர்கள். கழுவிவிட்டு, ஈரப்பஞ்சால் மெதுவாக நகர்த்திப் பழைய இடத்திலேயே பரப்பி மூடினால் பெரும்பாலும் அதுவே ஒட்டிக்கொள்ளும்.

வெட்டும் ரத்தமும்

அரிவாளோ அரிவாள்மனையோ பட்ட காயத்தில் கழுவுவது இரண்டாவது. ரத்தம் கொட்டினால் முதலில் அழுத்த வேண்டும். கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம். இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். நின்றுவிட்டதா என்று அரை நிமிஷத்துக்கு ஒரு முறை துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வரும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துணி நனைந்தால் எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். தலையில் பட்ட காயம் சின்னதாக இருந்தாலும் முகமெல்லாம் ரத்தமாகிவிடும். பதறாமல் இதேபோல அழுத்தினால் போதும்.

கை கால் காயத்தில் ரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவே இல்லை என்றால், காயத்துக்கு நாலு விரல் மேலே அகலமான துணியால் கட்டி, ஒரு குச்சியை நுழைத்து, ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுதிவைத்து 108-ல் அனுப்புங்கள். உயிர் போகும் நிலையில் மட்டும் செய்ய வேண்டியது இது. கயிறு, கம்பி கூடாது, சதையை அறுத்துவிடும். காயத்தில் கத்தியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். உள்ளே கிழிந்த குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். இருபுறமும் துணிச்சுருள் வைத்து ஆடாமல் கட்டி அனுப்புங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். பனிக்கட்டி நேராக விரலைத் தொட்டால் செல்கள் செத்துவிடும், தைத்தாலும் ஒட்டாது.

ரத்தம் நின்ற பிறகு ஒரு நிமிஷம் ஒதுக்கிச் சோதிக்க வேண்டியவை இரண்டு. கையில் வெட்டு என்றால் காயம் பட்டவரைக் கண்ணை மூடச் சொல்லி, காயத்தைத் தாண்டி விரல் நுனியில் பஞ்சால் தொடுங்கள். தெரிகிறதா? ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். முடிகிறதா? தொடுவது தெரியவில்லை என்றால் நரம்பு அறுந்திருக்கலாம். விரல் மடங்கவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். தையல் போட்டுத் தோலை மூடிவிட்டால் இரண்டும் மறைந்துபோய், மாசங்கள் கழித்து "விரல் மடங்கவே மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். நீங்கள் பார்த்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கொழுப்புத் தெரிந்தாலும், காயத்தின் வாய் திறந்தே நின்றாலும், முகத்திலோ மூட்டின் மேலோ பட்டிருந்தாலும் அன்றைக்கே, இயன்றால் ஆறு மணி நேரத்துக்குள், தையலுக்குப் போய்விடுங்கள்.

சின்னத் துளை

வெட்டுக்குக் காட்டும் அக்கறையை ஆணி குத்தியதற்கு யாரும் காட்டுவதில்லை. ரத்தம் ஒரு சொட்டு வந்து நின்றுவிடும், அதோடு மறந்துவிடுவோம். ஆனால் ஆணி மூன்று அடுக்கையும் கடந்து போயிருக்கும், வழியோ உடனே மூடிக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத அந்த இடம்தான் வில்வாத ஜன்னிக் கிருமிக்குப் பிடித்த இடம். துருவினால் ஜன்னி வருகிறது என்பது பாதிதான் சரி. கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். துருப்பிடிக்காத முள்ளும் போதும். கடைசியாகத் தடுப்பூசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால், மண் சாணம் பட்ட காயமாயின் ஐந்து வருஷம் ஆகியிருந்தால், இப்போது ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் கடைசியாகப் போட்ட தேதியை இந்தப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தின் அளவைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். வெறிநாய்க்கடி வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்கக் கூடாது. காயத்தைத் தைக்கச் சொல்லியும் கேட்காதீர்கள். 1885-ல் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். 1907 முதல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்நோயால் இறப்பவர்கள் ஊசி போடப் போகாதவர்களும் பாதியில் நிறுத்தியவர்களும்தான் அதிகம். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசிக்கு 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

தீயும் கொதிநீரும்

சாம்பார் கொட்டினாலும் குக்கர் ஆவி அடித்தாலும் உடனே குழாயைத் திறங்கள். இருபது நிமிஷம் ஓடும் தண்ணீர். பட்டவுடன் செய்வது சிறந்தது, மூன்று மணி நேரம் வரைக்கும் பலன் உண்டு. சூடு தோலோடு நின்றுவிடாமல் அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர்தான் அதை வெளியே இழுக்கிறது. பேஸ்ட், இங்க், இட்லி மாவு, முட்டை வெள்ளை எல்லாம் அந்தச் சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும். ஐஸ் வைத்தால் ரத்தக் குழாய் சுருங்கி, தப்பிக்க இருந்த செல்லும் சாகும். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல் சுற்றி வெட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிறகு சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்காமல் மேலே பரப்பி அனுப்பலாம். குழந்தைக்கோ வயதானவருக்கோ பெரிய பரப்பில் சுட்டிருந்தால் சுட்ட இடத்தை மட்டும் குளிர வைத்து, மற்ற உடம்பைப் போர்த்திவிடுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: சுட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அவர் உடம்பில் ஒரு சதவீதம். அதைவிடப் பெரிய கொப்புளம், அல்லது முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் எந்த அளவானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி இங்கேயும் அதேதான், எந்த அடுக்கு வரை? மேல்தோல் மட்டும் சுட்டால் எரியும், கொப்புளம் இருக்காது. உள்தோல் வரை போனால் கொப்புளமும் தாங்க முடியாத வலியும் இருக்கும். மூன்று அடுக்கும் போய்விட்டால் தோல் வெள்ளையாகவோ மெழுகுபோலவோ கருகியோ இருக்கும், தொட்டால் வலிக்காது. "வலியே இல்லீங்க" என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். நரம்பு முனைகளே எரிந்துபோய்விட்டன.

தோல் கிழியாத காயம்

கால் பிசகினால், அடிபட்டுக் கன்றிப்போனால், கிழிந்தது உள்ளே. முதல் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது, கிழிந்த சின்னக் குழாய்களை மறுபடி கிழிப்பதாகும். ஓய்வு, துணி சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிஷம், கிரேப் கட்டு, காலைத் தலையணை மேல் தூக்கிவைத்தல். இந்த நான்கையும் 1978-ல் சேர்த்துச் சொன்ன அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின், 2014-ல் தானே முன்வந்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று திருத்திக்கொண்டார். அதனால் ஐஸை வலி குறைய மட்டும் முதல் நாள் வையுங்கள். வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல மெல்ல அசைக்கவும் தொடங்குங்கள். கணுக்கால் எலும்பை விரலால் அழுத்தினால் துள்ளும் வலி இருந்தாலோ, நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கட்டுக்குப் பிறகு நகத்தை அழுத்தி விடுங்கள், இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம்.

நம் நிறத்தில் பார்ப்பது எப்படி

புண்ணைச் சுற்றிச் சிவந்தால் சீழ் பிடிக்கிறது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. வெளுத்த தோலைப் பார்த்து எழுதியது அது. கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. கருநீலமாக, பளபளப்பாக, இறுக்கமாகத்தான் தெரியும். அதனால் கண்ணை நம்பாமல் புறங்கையை வையுங்கள். அதே இடத்தை மறு கையிலோ காலிலோ தொட்டு ஒப்பிடுங்கள். சூடு கூடியிருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா? பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுவைத்து, ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால், காய்ச்சல் இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அரிப்பு

படர்தாமரை வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவும் பூஞ்சை. மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டு வாங்குவதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவிய ரெண்டாம் நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ தடையில்லாமல் வளரும். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாக வரும். வீட்டில் அந்த டியூப் இருந்தால் டாக்டரிடம் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ராத்திரியில் மட்டும் உயிரை வாங்கும் அரிப்பு, விரல் இடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றிச் சின்னக் கொப்புளம், வீட்டில் இன்னொருவருக்கும் அப்படியே என்றால் சிரங்கு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உண்ணி மேல்தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும், அரிக்காதவர்களும், ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே முழுக்கத் தடவிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஒருவர் விடுபட்டாலும் திரும்பி வரும். உண்ணி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், அதற்காகத் திரும்பத் திரும்பத் தடவ வேண்டாம்.

உணர்ச்சி இல்லாத இடம்

அரிக்காத, வலிக்காத தேமல்தான் எனக்குப் பயம். வெளிறிய ஒரு திட்டு தெரிந்தால் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொடுங்கள். அங்கே மட்டும் தொடுவது தெரியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், ஆறு மாசம் அல்லது ஒரு வருஷத்தில் முழுக்கக் குணமாகும். பால்வெள்ளையாக, உணர்ச்சியோடு இருக்கும் வெண்புள்ளி வேறு. அது தொற்றாது, அதைக் குஷ்டம் என்று சொல்வது பெரிய அநியாயம்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம். அப்படி இல்லை, வலி தெரியாததால் சூடான பாத்திரமும் முள்ளும் கூர்மையான கைப்பிடியும் நாளுக்கு நாள் செய்யும் சேதம்தான் அது என்று அவர் நோயாளிகளின் கைகளைக் கவனித்துக் காட்டினார். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அந்தப் பணியில் உருவானது. இன்று அதே செருப்பைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறோம். அவர்களுக்கும் பாதத்தில் நடப்பது அதேதான்.

சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்திருக்கிறார். ஷூவுக்கு அடியிலிருந்து ஒரு ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது, காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறார். கழுவி, ஆழம் பார்த்து அனுப்பிவைத்த பிறகு அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். செருப்போ ஷூவோ, கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிய பிறகுதான் கால் நுழைய வேண்டும். வெந்நீரை இவர் கால் வைத்துப் பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கை வைத்துப் பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. ராத்திரி ஒரு தடவை இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

போன மாசம் கட்டு மாற்ற வந்தபோது அந்த அம்மா சொன்னார், தினம் சாப்பாடு முடிந்ததும் அவர் காலை மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறாராம். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் படுக்கையாம்.